கிட்டத்தில் எடுத்த படங்கள்

சிகோர், போமெட்
11 ஆகஸ்ட் 1994

நியோகாபிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முகாம் மேலாளர் கயெலோ என் வண்டிச் சாவியை வாங்கித் தன் அறை ஆணியில் மாட்டிவிட்டார். கண் டாக்டரின் சீட்டு இல்லாமல் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷம் மாரா சரணாலயத்தில் விருந்தாளிகளைச் சிங்கத்திடமும் சிறுத்தையிடமும் கூட்டிப்போனவன் இப்போது வீட்டில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கிறேன். யார் சொல்லி இது நடந்தது என்று கேட்டேன். "உங்க போட்டோக்காரம்மாதான்" என்றார். மூன்று நாள் நான் அதை நம்பவில்லை.

ஒன்பது வருஷமாக வருகிறாய். வருஷத்துக்குப் பன்னிரண்டு விடியல். ஐந்து மணிக்கு உன் கூடார வாசலில் டீயை வைத்து எழுப்பியவன் நான். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி வண்டியை நிறுத்தி, நீ பொத்தானை அழுத்தும்போது வண்டி அசையக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனும் நான்தான். நைரோபிக் கடைகளில் உன் படம் போட்ட நாட்காட்டி தொங்குகிறது. அதில் வண்டி தெரியாது, ஓட்டியவனும் தெரிய மாட்டான். அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

யானை வந்து வண்டிக் கதவில் இடித்தது உண்மை. உன் தோளில் அடிபட்டதும் உண்மை. அதற்கு வருந்துகிறேன். ஆனால் அன்றைக்கு அடர்த்தியான பனி. அந்த இடத்தில் எந்த ஓட்டுநர் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

ஒருவன் வயிற்றில் அடிப்பதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதில் எழுத வேண்டாம்.

வெஸ்லி அரப் மோசோனிக்


நக்குரு
20 ஆகஸ்ட் 1994

மோசோனிக் அண்ணனுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். சொன்னதைக் கேட்கிற பெண்ணாக இருந்திருந்தால் ஸ்டுடியோவில் கல்யாண ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நக்குருவிலேயே கிடந்திருப்பேன்.

உங்கள் கடிதம் பதினொரு பக்கம். ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு. கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்ற வரி மட்டும் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அன்றைக்கு நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். யானைக் கூட்டம் வலது பக்கம் நின்றது. இடது பக்கம் புல்லுக்குள் குட்டி ஒன்று படுத்திருந்தது. ஐந்து நிமிஷம் முன்பே அதை நான் பார்த்துவிட்டேன். நீங்கள் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினீர்கள்.  நீங்களும் குட்டியைப் பார்த்திருப்பீர்கள், ஏதோ கணக்கோடுதான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைத்து நான் படம் எடுக்க ஆரம்பித்தேன். தாய் வந்து தந்தத்தால் கதவை மடக்கியது. வண்டியைப் பின்னால் எடுத்துத் தப்பித்து, தூரத்தில் நிறுத்திய பிறகு நான் குட்டியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "குட்டியா? எந்தக் குட்டி?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்விதான் அண்ணா என்னைப் பயமுறுத்தியது. யானைகூட அவ்வளவு பயமுறுத்தவில்லை. திங்கட்கிழமை உங்கள் வண்டியில் நான்கு குழந்தைகள் ஏறவிருந்தார்கள். அன்று மத்தியானமே கயெலோவிடம் போனேன். முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீங்கள் பனி என்று சொல்லிச் சிரித்திருப்பீர்கள், நானும் சரி என்று தலையாட்டியிருப்பேன். உங்கள் முன்னால் எனக்கு அவ்வளவுதான் தைரியம். அதற்கு மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் ஒன்பது வருஷத்துப் படங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். 86-லிருந்து 89 வரை, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற நானூறு லென்ஸ் போட்டுத்தான் எடுத்திருக்கிறேன். சிங்கத்துக்கும் நமக்கும் நடுவில் நிறையப் புல் இருக்கிறது. 90-ல் அது குறைகிறது. 92-ல் நானூறு லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. போன வருஷம் எடுத்த பெண் சிங்கத்தின் மூக்கில் ஈ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அந்தப் படத்துக்குத்தான் எல்லோரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எங்கள் ஓட்டுநர் எவ்வளவு துணிச்சல்காரர் தெரியுமா என்று நானும் பெருமை அடித்துக்கொண்டேன். ஏன் இவ்வளவு கிட்டே வருகிறோம் என்று ஒரு தடவைகூட உங்களைக் கேட்கவில்லை. கிட்டே போனால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் நடத்துகிற அந்த விளையாட்டும் இப்போதுதான் புரிகிறது. "அங்க என்ன தெரியுது, சொல்லு பாப்போம்" என்று கேட்பீர்களே. விருந்தாளிகளுக்கு அது எவ்வளவு பிடிக்கும். முதலில் கண்டுபிடிக்கிற பெருமையை எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் கண் மங்கியதில் என் பெயர் வளர்ந்திருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நூற்றெட்டு விடியலுக்கும் நன்றி.

வருஷத்துக்கு ஒரு தாளாக ஒன்பது படத்தாள்கள் இதனுடன் இருக்கின்றன. தப்ரந்திச் அண்ணி பார்த்துச் சொல்லட்டும்.

நியோகாபி


சிகோர்
14 செப்டம்பர் 1994

நியோகாபிக்கு,

கோபம் இன்னும் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைத் தப்ரந்திச்தான் படித்துக் காட்டினாள். பிறகு நீ அனுப்பிய தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி, பால் கறக்கிற நேரம் தாண்டியும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் தாளில் சிங்கம் அவரை விதை அளவுதான் என்றாள். கடைசித் தாளில் சிங்கம் உகாலிக் களித் தட்டு அளவு என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க கிட்ட போகலை. உங்களுக்குத் தூரம்தான் இல்லாமப் போச்சு" என்றாள். வீட்டு வாசலில் யார் வருகிறார்கள் என்று அவளிடமும் நான் அந்த விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தேனாம். நான்கு வருஷமாகத் தெரியுமாம். இவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

சரி, சொல்கிறேன். முதலில் தூரத்துக் கழுகுகள் காணாமல் போயின. பிறகு மரத்தடியில் படுத்திருப்பது சிங்கமா கறையான் புற்றா என்று குழம்ப ஆரம்பித்தது. புது ஓட்டுநர்கள் புற்றைப் பார்த்துச் சிங்கம் என்று ரேடியோவில் கூவிவிட்டால் நாங்கள் ஒரு மாதம் அவர்களைக் கிண்டல் செய்வோம். அந்தக் கிண்டல் என் மேல் விழக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் மறைத்தேன். இம்பாலா மான் செருமினால் அந்தத் திசையில் சிறுத்தை. மற்ற வண்டிகளின் புழுதி எந்தப் பக்கம் போய் அடங்குகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. முன் இருக்கையில் இருப்பவர் மூச்சை உள்ளே இழுத்தால் உடனே வண்டியை நிறுத்துவேன். "மோசோனிக்குக் கழுகுக் கண்ணு" என்று அவர்கள் பாராட்டுவார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு இடது பக்கம் குட்டி மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எருமைக் கன்று என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போக மாட்டேன். சந்தையில் தோல் விற்கிற கொஸ்கெய் எங்கோ போய்க் கண்ணை அறுத்துக்கொண்டு வந்தான். அந்தக் கண் திறக்கவே இல்லை. எனக்கு இன்னும் பாதியாவது தெரிகிறது. காலையில் வெளிச்சம் வருவது தெரிகிறது, தப்ரந்திச் நடந்து போவது தெரிகிறது. அதையும் இழந்துவிட்டால் நான் என்ன செய்வேன், தங்கச்சி?

மோசோனிக்


நக்குரு
27 செப்டம்பர் 1994

மோசோனிக் அண்ணனுக்கு,

கடைசி வரியில் தங்கச்சி என்று எழுதிவிட்டீர்கள். கவனிக்காமல் எழுதியிருந்தாலும் நான் அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பயப்படாதீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அறுக்கப்போவது என் கண் இல்லை. நக்குருவில் ஒரு டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண்புரை மாதிரி இருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் கண்ணைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது என்றார். ஒரு கண்ணை முதலில் செய்து, அது தேறிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்களாம். ஆகவே பந்தயத்தில் ஒரு கண்ணைத்தான் வைக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற மருத்துவமனை இருக்கிறது. புதன்கிழமைகளில் கண் டாக்டர் வருகிறாராம். கட்டாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் ஒன்று. பார்வை சரியில்லாமல் நீங்கள் சாவியைத் திரும்ப வாங்கினால் உங்கள் வண்டியில் நான் ஏற மாட்டேன். வேறு வண்டியிலும் ஏற மாட்டேன். மாராவுக்கு வருவதையே விட்டுவிடுவேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை. உங்களோடு இல்லாத விடியலில் நான் என்ன எடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் சிங்கத்தின் படத்தை அடுத்த நாட்காட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அச்சகக்காரருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

மான் செருமுவதைக் கேட்டே சிறுத்தையைக் கண்டுபிடித்தீர்கள் என்று படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. 91-ல் அத்தி மரத்தில் இருந்த சிறுத்தையும் அப்படிக் கிடைத்ததுதானா? அந்தப் படத்துக்காக ஒருநாள் உங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். போதாது என்று இப்போது தெரிகிறது.

நியோகாபி


சிகோர்
2 நவம்பர் 1994

தங்கச்சி நியோகாபிக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மருத்துவமனை வாசலில் நிற்பேன், நீங்கள் வராவிட்டால் சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருப்பேன் என்று எழுதினாய். ஒரு பெண் பிள்ளை எனக்காக வெயிலில் நிற்பாளே என்றுதான் கிளம்பினேன். இல்லாவிட்டால் கிளம்பியிருக்கவே மாட்டேன். வாசலில் உன்னைத் தேடினேன். எனக்கோ முகம் தெரியாது. உன் உயரத்தில் யார் நின்றாலும் போய், "நியோகாபியாம்மா?" என்று கேட்டேன். மூன்றாவது ஆள் வாழைப்பழம் விற்கிற அம்மா. ஆளைப் பிறகு தேடலாம், முதலில் பழம் வாங்குங்கள் என்றாள். நீ உள்ளே போயிருப்பாய் என்று தப்ரந்திச் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனால் டாக்டர். நீ இல்லை.

வலது கண்ணைச் செய்தார்கள். கண்புரையேதான். கொஸ்கெய்க்கு என்ன ஆனது என்று டாக்டரிடம் கேட்டேன். அவன் கண்ணில் வேறு வியாதியும் இருந்திருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அது தெரியாமல் அந்த ஆளின் கண்ணை வைத்து நான் எத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பியில் துரு தெரிந்தது. பிறகு தப்ரந்திச். நான் வாய்விட்டு, "உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டுவிட்டேன். அவள் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பாக்காதப்போ" என்றாள். அந்த வார்டில் இருந்த எல்லோர் முன்னாலும் நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நீ வராவிட்டாலும் உன் வாக்குதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த யானைக்குட்டியை நீ பார்த்ததற்கு நன்றி. கயெலோவிடம் போய்ச் சொன்னதற்கும் நன்றி. இதை எழுதுவேன் என்று ஆகஸ்டில் யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

மோசோனிக்


நக்குரு
12 நவம்பர் 1994

மோசோனிக் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இரண்டே பக்கம். எழுத்து பாசிமணி மாதிரி வரிசையாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் படிக்காமலே எனக்குச் சேதி தெரிந்துவிட்டது. ஸ்டுடியோவை அரை நாள் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் வாங்கிய திட்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நான் நைவாஷாவில் ஒரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிற்பதாக நான் எழுதவே இல்லை. எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றாமல் போனது. அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கும். இப்போது உங்கள் கண்ணாலேயே எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு அண்ணியைக் கேளுங்கள்.

என் சார்பில் அண்ணிக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். அடுத்த தடவை நானே வந்து காலில் விழுகிறேன்.

சாவி என்ன ஆயிற்று?

நியோகாபி


மாரா, தலெக் ஆற்று முகாம்
23 பிப்ரவரி 1995

தங்கச்சி நியோகாபிக்கு,

பதில் தாமதம். டிசம்பரில் இடது கண்ணையும் செய்தார்கள். அது தேறிய பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வாசலும் இல்லை, பன்னிரண்டாம் தேதியும் இல்லை. மாராவுக்கு வருவதையே விட்டுவிடுவேன் என்று நீ எழுதியதைத் தப்ரந்திச் எனக்குப் படிக்கவே இல்லை. அதைக் கேட்டிருந்தால் ரோஷத்தில் நான் போகாமலே இருந்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும். மாட்டுக் கொட்டிலில் போய்க் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதிட்டே இருந்தீங்க. யாராவது ஒருத்தர் தேதி வைக்கணும்ல?" என்றாள்.  வாளியை வாங்கி மீதி மாடுகளை நான் கறந்தேன்.

ஜனவரியில் டாக்டர் சீட்டோடு முகாமுக்கு வந்தேன். கயெலோ சீட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சாவியைக் கையில் கொடுத்து, தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஏழு விடியல் என்னோடு வந்தார். எதிர்க்கரையைக் காட்டி அங்கே என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் விளையாட்டை என்னிடமே விளையாடுகிறார் என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டாம் நாள் அவர் வரவில்லை. சாவி என்னிடமே இருக்கிறது.

நேற்று முதல் தடவையாக விருந்தாளிகள். நெதர்லாந்திலிருந்து வந்த கணவன் மனைவி. அந்த அம்மாவிடம் பெரிய கேமரா. பத்து ஓட்டுநர்கள் இருக்கையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஏன் என்று கயெலோவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழே கால் மணி இருக்கும். ஆற்றோரப் புதரடியில் ஒரு பெண் சிங்கம், மூன்று குட்டிகள். எண்பது அடி தள்ளி, சூரியன் விருந்தாளிகள் முதுகுக்கு வரும்படி நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன். அந்த அம்மா நான்கைந்து படம் எடுத்தார். பிறகு இன்னும் கிட்டே போகலாமா என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"உங்களைத்தான் கேட்டு வாங்கினோம். உங்க அளவுக்குக் கிட்ட போறவங்க இங்க யாருமே இல்லைன்னு சொன்னாங்க" என்றார்.

அந்தப் பெயருக்காக எத்தனை பேர் என்னைத் தேடி வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. வனத்துறை விதி என்று சொல்லியிருக்கலாம். சேறு, வண்டி மாட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். நான்கு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்தானே. சிங்கத்தைப் பார்த்தேன். அது எங்களைப் பார்த்து, கிட்டே வராதே என்று காதைப் பின்னால் மடக்கியது. எண்பது அடியிலிருந்து அது எனக்குத் தெரிந்தது.

"அப்போ எனக்குக் கண்ணு தெரியாதும்மா," என்றேன். "அதனாலதான் கிட்ட போனேன். இப்போ தெரியுது. அவ காதை மடக்கிட்டா, பாருங்க."

கணவர் வேடிக்கைப் பேச்சு என்று சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா கேமராவை மடியில் வைத்துவிட்டு வெறும் கண்ணால் வெகுநேரம் சிங்கத்தைப் பார்த்தார்.  நான் வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தேன்.

இன்றைக்கு என் பெயரைக் கேட்டு யாரும் வரவில்லை. நாளைக்கும் வராமல் போகலாம். அதைப் பற்றிக் கவலை இல்லை. நான் குருடாக வண்டி ஓட்டினேன் என்பதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன், தங்கச்சி. நீ அன்றைக்கே கயெலோவிடம் போய்ச் சொன்னதால்தான் என்னால் நேற்று அதைச் சொல்ல முடிந்தது. நன்றி.

உன் அண்ணன்
மோசோனிக்